சீனன்குடாவில் இறங்காதவள்

கிண்ணியா
1969 மார்ச் 9

மகள் நஜ்முன் நிஸாவுக்கு வாப்பாவின் ஸலாம். நான் சொல்லச் சொல்ல ஸைனுலாப்தீன் எழுதுகிறான்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதற்காக எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துவிடாதே. உன் கடிதத்தை ஸைனுலாப்தீன் வாசித்துக் காட்டும்போது ஓரிடத்தில் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினான். இவ்வளவு காலம் தபால் கந்தோரில் வேலை செய்தவனுக்கு ஒரு கடிதத்தைப் பொய்யாக வாசிக்கத் தெரியவில்லை. "தாண்டினத வாசிடா" என்றேன். வாசித்தான்.

உன் மாமாவை, அதுதான் உன் மாப்பிள்ளையின் வாப்பாவை, உன் மகன் ஹில்மி பாட்டன் முறையில் "அப்பா" என்று கூப்பிடுகிறானாம். என் படத்தைக் காட்டினால் "பாதை அப்பா" என்கிறானாம். அதை நீ சிரிப்பாக எழுதியிருக்கிறாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை மகள். நான் இந்தக் கிண்ணியாத் துறையில் பாதையில், அந்த மிதவைத் தெப்பத்தில், கயிறு இழுத்தவன்தான். பஸ், லொறி, மாடு, கலியாணப் பெண், அடக்கப் போகிற மையத்து எல்லாவற்றையும் அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டு போனவன்தான். அது என் தொழில். என் பேரில்லை. உன் மாமா ஜமால்தீன் வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலை டொக்யாட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அவரைப் பிள்ளை "ஸ்டோர் அப்பா" என்று சொல்கிறானா? இல்லை. அவர் வெறும் அப்பா. வால் இல்லாத அப்பா. எனக்கு மட்டும் வால்.

நம் ஊர் வழமையை உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. முனாப்பும் வந்தான். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். கொழும்புக்கு மாற்றம் வந்தது, போனீர்கள். அதையும் பொறுத்தேன். ஆனால் பிள்ளை பெற வாப்பா வீட்டுக்குத்தானே வருவார்கள்? ஹில்மி இந்த வீட்டு உள்ளறையில் பிறந்தான். அவன் காதில் பாங்கு சொன்னவன் நான். இரண்டாவது பிள்ளையை நீ கொழும்பில் பெற்றாய். அதன் காதில் பாங்கு சொன்னது யார்? உன் மாமா. பேர் வைத்தது யார்? உன் மாமா. என்ன பேர்? ஸாலிஹா. அவருடைய மௌத்தான மனைவியின் பேர். உன் உம்மா சுபைதாவும் மௌத்தாகி மண்ணுக்குள்தான் கிடக்கிறாள். அவளுக்கும் ஒரு பேர் இருந்தது.

"இதையெல்லாம் கொஞ்சம் மரியாதையா எழுதுவமா காக்கா?" என்று ஸைனுலாப்தீன் கேட்கிறான். எழுதியபடியே இருக்கட்டும்.

சித்திரை லீவுக்கு வா. இரண்டையும் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பெண் பிள்ளையின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. கோச்சி திருகோணமலை டவுணுக்கு முதல் சீனன்குடா ஸ்டேஷனில்தான் நிற்கும். அங்கே இறங்கு. நான் நிற்பேன்.

வாப்பா


மருதானை, கொழும்பு
1969 மார்ச் 21

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன். இவர் கண்டால் கவலைப்படுவார்.

வாப்பா, நானா வரமாட்டேன் என்றேன்? கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு கோச்சியில் ஏறி எப்படி வருவது? உங்களை வரச் சொல்லித் தந்தி அடித்தோம். நீங்கள் என்ன பதில் அனுப்பினீர்கள்? கோச்சியில் ஏறினால் தலை சுத்தும் என்று. வயது முழுக்கத் தண்ணீரின் மேல் நின்ற மனுஷனுக்குக் கோச்சியில் தலை சுத்துமா என்று இவர் என்னைக் கேட்டார்.

மாமா வந்தார். நாற்பது நாளும் நின்றார். விடியக் காலையில் பால் கியூவில் போய் நின்றவர் அவர். கீழே பைப்படியில் பிள்ளையின் சீலைத்துண்டுகளை அலசினவரும் அவர்தான். மேல் வீட்டுப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். "சிரிக்கட்டும் மகள், நான் நேவிக்காரனுக்கே கணக்குக் கொடுத்தவன்" என்றார். ஹில்மியின் சப்பாத்துக்கு நாடா கட்டப் பழக்கினதும் அவர்தான். பிள்ளை அவரை அப்பா என்று சொன்னால் நான் வாயைப் பொத்தவா?

ஹில்மியைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்கள் பேரன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தங்கச்சி பிறந்த நாளிலிருந்து அவன் ஏணைக்குக் காவல். நான் அவளைத் தூக்கினால் என் மற்றக் கையைப் பிடித்துத் தொங்குகிறான். அவள் குடித்தால் இவனுக்கும் பசிக்கிறது. போன கிழமை மீன்காரன் வந்து படியில் கூடையை இறக்கினான். ஹில்மி உள்ளே ஓடிவந்து என் சீலையை இழுத்து, "உம்மா, பாப்பாவ மீன்காரனுக்குக் குடுங்க. அவருக்கிட்ட கூடை இரிக்கி" என்றான். மீன்காரன் சிரித்துவிட்டு, "என்ன விலை தம்பி?" என்று கேட்டான். இவன் யோசித்துவிட்டு, "சும்மா கொண்டு போங்க" என்றான்.

இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் போவதற்குள் எனக்கு மூன்று நாள் போய்விடுகிறது. ஒன்று தூங்கினால் மற்றது எழும்பும். இரண்டும் தூங்கினால் பக்கத்து வீட்டு றேடியோ எழும்பும்.

சித்திரைக்கு வருகிறேன். இவருக்கு லீவு கிடைக்காது. கோட்டையில் கோச்சி ஏற்றி விடுவார், பிறகு நான் தனியே. சுடுதண்ணிப் போத்தல், பால் போத்தல், சீலைத்துண்டு மூட்டை, ஹில்மிக்கு விசுக்கோத்து, எல்லாம் ஒரு பெட்டி, ஒரு கூடை. ஏணைக்குப் பழைய சீலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கோச்சியில் மேல் தட்டுக் கம்பியில் கட்டிப் பிள்ளையைப் போட்டால் ஊர் வரும் மட்டும் தூங்குவாள்.

கோபிக்காதீர்கள். முதலில் டவுணுக்குத்தான் போகிறேன். மாமா ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றார், நான் ஓம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பது நாள் சீலை அலசின மனுஷனுக்கு அதைக்கூடக் கொடுக்காமல் இருக்க ஏலாது. மூன்று நாள் அங்கே நின்றுவிட்டுக் கிண்ணியாவுக்கு வந்துவிடுவேன். மிச்ச லீவு முழுக்க உங்களோடுதான்.

உங்கள் மகள்
நஜ்மு


கிண்ணியா
ஏப்ரல் 2

மகள் நஜ்முவுக்கு,

மூன்று நாளாம். அந்த மூன்று நாளில் உன் மாமா அந்தப் பிள்ளைக்கு என்னவெல்லாம் பழக்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

கோச்சி சீனன்குடாவைக் கடந்துதான் டவுணுக்குப் போகும். அந்த லைனை நான் கட்டவில்லை. உன் வாப்பா வீட்டுக்குப் போகிற ஸ்டேஷன் முதலில் வருகிறது, உன் மாமா வீட்டு ஸ்டேஷன் பிறகு வருகிறது. வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களை ஊரில் என்ன சொல்வார்கள்?

அவர் சீலை அலசினதைப் பெரிதாக எழுதியிருக்கிறாய். நான் உன் சீலையை அலசினதை யார் எழுதுவது? உன் உம்மா உன் தங்கச்சி றம்லாவைப் பெற்றுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கயிறு இழுத்தவன் நான். நீ என் முதுகில் கக்கினாய். பாதையில் நின்ற ஏ.ஜி.ஏ. துரை தன் லேஞ்சியை எடுத்துத் துடைக்கத் தந்தார். வெள்ளை லேஞ்சி, மூலையில் நீல நூலால் பூ. உனக்கு ஞாபகம் இராது. எனக்கு இருக்கிறது.

நான் சீனன்குடாவில் நிற்பேன். வாசலுக்குக் கிட்ட இடம் பிடி.

வாப்பா


உள்துறைமுக வீதி, திருகோணமலை
ஏப்ரல் 12

வாப்பா,

ஸலாம் எழுதக்கூடக் கை வரவில்லை. இதைக் கிண்ணியா பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பாதையடியில் உங்களைக் கண்டு கொடுப்பார்.

என் பிள்ளையை அனுப்புங்கள்.

கோச்சி சீனன்குடாவில் நின்றது. ஹில்மி யன்னலடியில் சீற்றில் ஏறி நின்றான். சப்பாத்தைக் கழற்றிவிட்டிருந்தான். நான் ஏணையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்புகிறேன், சீற் வெறுமையாக இருக்கிறது. பிளட்போமில் நீங்கள், உங்கள் இடுப்பில் என் பிள்ளை. "இறங்கு மகள், இறங்கு!" என்று கத்துகிறீர்கள். பெட்டி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், தலைக்கு மேலே ஏணைக்குள் பிள்ளை. எதைத் தூக்கி எதோடு இறங்குவது? விசில் ஊதிவிட்டான். நான் வாசலுக்கு ஓடினால் மேலே தொங்குகிற பிள்ளை தனியே. ஓடாவிட்டால் கீழே நிற்கிற பிள்ளை போகிறான். என்னுடைய நிலைமையை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தீர்களா? எதிர்ச் சீற்றில் இருந்த சிங்கள அம்மா என் கையைப் பிடித்து இருத்தியிராவிட்டால் ஓடுகிற கோச்சியிலிருந்து குதித்திருப்பேன்.

டவுண் ஸ்டேஷனில் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பலூனோடு நின்றார். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். "எங்க எங்கட ஆள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். பலூனைப் பெட்டியில் கட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

இன்றைக்கே அனுப்புங்கள்.

நஜ்மு


கிண்ணியா
ஏப்ரல் 13

மகள்,

நான் களவெடுக்கவில்லை. ஸ்டேஷனில் நின்ற ஆட்களைக் கேட்டுப் பார்.

கோச்சி வந்து நின்றது. எந்தப் பெட்டி என்று தேடிக்கொண்டு ஓடுகிறேன். அப்போது ஒரு யன்னலிலிருந்து ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம், "பாதை அப்பா!" என்று. படத்தில் பார்த்த முகத்தை அவன் நேரில் பிடித்துவிட்டான். இரண்டு கையையும் நீட்டி யன்னலால் பாய்ந்தான். நான் ஏந்தாமல் விட்டிருந்தால் கீழே விழுந்திருப்பான். வால் வைத்துத்தான் கூப்பிட்டான். கூப்பிடட்டும். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்தார்.

பிறகு உன்னைப் பார்த்தேன். உன் கை ஏணை முடிச்சில் இருந்தது. அவிழ்க்கிறாய், இறங்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ அவிழ்க்கவில்லை மகள். இறுக்கினாய். எனக்குக் கண் நல்லாகத் தெரியும்.

பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பாலப்பம், பகலைக்கு மீன். முள் எடுத்து ஊட்டுவது நான். பாதையில் ஏறி அக்கரைக்குப் போய் வருகிறோம். இறங்கின உடனே, "இன்னொருக்கா" என்கிறான். கயிற்றைப் பிடித்து அவனும் இழுக்கிறான். இரவில் என் நெஞ்சில் தூங்குகிறான். றம்லா குளிப்பாட்டி விடுகிறாள், அவளோடு நல்ல சேர்த்தி. உன்னைக் கேட்கவில்லை. உன் மாமாவின் பேரை ஒருக்காலும் எடுக்கவில்லை. இதை ஸைனுலாப்தீனும் அறிவான்.

பிள்ளை வேண்டுமென்றால் நீ வந்து கூட்டிக்கொண்டு போ. வரும்போது மற்றதையும் தூக்கிக்கொண்டு வா. பாதையடியில் நிற்பேன்.

வாப்பா


திருகோணமலை
ஏப்ரல் 15

வாப்பா,

ஓம், இறுக்கினேன். கோச்சி ஒரு உலுக்கு உலுக்கியது. முடிச்சு நழுவினால் பிள்ளை விழுந்துவிடும். நீங்கள் அப்படிச் செய்தபடியால் நான் இப்படிச் செய்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்கவில்லையா? உண்மையாகவா?

தூங்கப் போகும்போது என் சீலைத் தலைப்பை விரலில் சுத்தி மூக்கில் வைத்துக்கொள்வான். இல்லாவிட்டால் தூங்கமாட்டான். இப்போது யாருடைய சீலைத் தலைப்பு? நான் கேட்காமலே பதில் வந்துவிட்டது. இன்று காலையில் தம்பலகாமத்திலிருந்து தயிர் விற்கிற புஷ்பவதி அக்கா வந்தா. நேற்றுக் கிண்ணியாவுக்குப் போனவவாம். சட்டியை இறக்கி வைக்க முன்னமே, "பிள்ளை, உன்ர மோன் றம்லாவையெல்லோ உம்மா எண்டு கூப்பிடுறான்" என்றா. நல்ல செய்தி சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னா. தயிரை வாங்கினேன். காசு கொடுக்க மறந்து உள்ளே போய்விட்டேன்.

றம்லாவுக்கு நம்முடைய வீட்டைக் கொடுத்தீர்கள். வழமை, நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு பிள்ளை இல்லை, அதுவும் எனக்குக் கவலைதான். அதற்காக என் பிள்ளையைக் கொடுக்க ஏலாது. அவளிடம் சொல்லுங்கள். சொல்லவேண்டாம், சொன்னால் அழுவாள். இல்லை, சொல்லுங்கள்.

மாமா என்னை, "போங்க மகள், நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்க, அவர் பெரிய மனுஷன்" என்றுதான் சொல்கிறார். நான்தான் போகமாட்டேன் என்கிறேன். இங்கே ஹில்மியின் சப்பாத்து இரண்டும் கிடக்கின்றன. அதை மாமா காலையில் எழுந்ததும் துடைத்து வாசலில் வைக்கிறார். பின்னேரம் உள்ளே எடுத்து வைக்கிறார். அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது.

நான் முடிவு எடுத்துவிட்டேன். நீங்களே ஹில்மியைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வரவேண்டும். ஆளிடம் கொடுத்து அனுப்பினால் காணாது. கலியாணம் முடிந்து இவ்வளவு காலத்தில் மாமாவின் வாசல்படியை நீங்கள் ஒருநாளும் மிதிக்கவில்லை. நீங்கள் வரும்மட்டும் ஸாலிஹா பாதை ஏறமாட்டாள். அவள் இப்போது குப்புறப் புரளுகிறாள். முதல்தரம் புரண்டபோது பார்த்தது மாமா. நீங்கள் பார்த்திருக்கலாம்.

லீவு முடிய நான் கொழும்புக்குப் போய்விடுவேன். பிறகு அவள் முகத்தைப் படத்தில்தான் பார்ப்பீர்கள்.

நஜ்மு


கிண்ணியா
ஏப்ரல் 16

மகள்,

நான் வரமாட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாது, இன்றைக்குக் கேள். உன்னைப் பெண் பேச உன் மாமா வந்தார். வாடகைக் கார், கறுப்பு நிறம், பின் கண்ணாடியில் வெடிப்பு. பாதையில் கார் ஏறினால் ஆட்கள் இறங்கி நிற்கவேண்டும். அது சட்டம். டி.ஆர்.ஓ. துரையே இறங்கினார், பொலிஸ் இறங்கினார், உன்னைப் பெண் பேச வந்த மனுஷன் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே இருந்தார். நான் சட்டையில்லாமல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு இழுக்கிறேன். சம்மந்தியாகப் போகிறவன் வேர்த்து வழிய, மற்றச் சம்மந்தி கண்ணாடிக்குள் இருந்து பார்க்கிறார். அக்கரையிலிருந்து இக்கரை சேரும் மட்டும் பார்த்தார். உனக்காகத்தான் அன்றைக்கு வாயை மூடினேன். அந்த வாசல்படியை மிதிக்கமாட்டேன் என்று அன்றைக்கே வைத்துக்கொண்டேன்.

அதனால் வரமாட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அக்கரையிலிருந்து பாதை வந்தது. ஹில்மி என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்கள் தலையை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். இவன் ஒவ்வொருத்தியின் முன்னாலும் போய் நின்று முகத்தை அண்ணாந்து பார்த்து, "உம்மாவா?" என்று கேட்டான். ஒருத்தியையும் விடவில்லை. கடைசியாக இறங்கினது கோழிக்கூடையோடு ஒரு கிழவி. அவளையும் கேட்டான். "இல்ல மனே" என்றாள். பிறகு அவன் கேட்கவில்லை. பாதையில் ஏறுவோமா என்றேன். வேண்டாம் என்றான்.

அவன் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் கேட்கிறான்.

றம்லாவை உம்மா என்றதும் உண்மை. இருட்டில் சொன்னான். விளக்கைக் கொளுத்தினதும் பார்த்துவிட்டு மூலையில் போய் இருந்தான்.

முதலில் வரமாட்டேன் என்றதற்கும் இதற்கும் பொருத்தமில்லை, முன்பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திருப்பி எழுதுவோமா என்று ஸைனுலாப்தீன் கேட்கிறான். கிழிக்கவேண்டாம், அதுவும் நான் சொன்னதுதான்.

நாளைக்கு முதல் பாதையில் வருகிறோம். உன் மாமா வீட்டு வாசலுக்கு வெளியே ரோட்டில் நிற்பேன். உள்ளே வரமாட்டேன்.

வாப்பா


உள்துறைமுக வீதி, திருகோணமலை
ஏப்ரல் 29

மகள் நஜ்முன் நிஸாவுக்கு வாப்பா அபூதாஹிரின் ஸலாம்.

கையெழுத்தைக் கண்டு பயப்படாதே. ஸைனுலாப்தீனுக்கு ஒன்றும் இல்லை. உங்களைக் கோச்சி ஏற்றிவிட்டு வெளியே வரும்போது பொழுது போய்விட்டது. பாதையும் நின்றிருக்கும். உன் மாமாதான், "எங்க போகப் போறீங்க சம்மந்தி, வீட்ட வாங்க" என்றார். அதனால் நேற்றைக்கு இங்கே தங்கினேன். நீ போய்ச் சேர்ந்த செய்தியை அறியாமல் இருக்க ஏலாது, கடிதம் எழுதவேண்டும் என்றேன். நான் எழுதுகிறேன் என்று இவர் மேசையில் வந்து இருந்துவிட்டார். நான் கேட்கவில்லை.

(அவர் கேட்டார். ஜமால்தீன்.)

பார்த்தாயா? இப்படித்தான் எழுதுகிறார்.

அன்றைக்கு நான் ஹில்மியோடு ரோட்டில் வந்து நின்றதையும் அவன் உன்னைக் கண்டு ஓடினதையும் நீ அறிவாய். ஒரு சத்தம் போட்டானே, அதற்குப் பிறகு நீ அவனைத் தூக்கிக்கொண்டு குசினி அடுப்படிக்குள் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நான் திரும்பிப் போகத்தான் நினைத்தேன். உன் மாமா உள்ளே வாங்க என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சொல்ல ஆயத்தமாக நின்றேன். அவர் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து ரோட்டில் போட்டார். பிறகு இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு அவரும் ரோட்டில் இருந்தார். சைக்கிள்காரர்கள் பெல் அடித்து விலகிப் போனார்கள். தேத்தண்ணியும் ரோட்டுக்கே வந்தது.

பிறகு கேட்டேன். "ஏன் அண்டைக்குக் காரை விட்டு இறங்கயில்ல?" என்று. அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணியக் கண்டா கை கால் நடுங்கும். டொக்யாட்டில வேலை செஞ்சவன் இத ஆருக்குச் சொல்ல?" என்றார். கண்ணாடியை ஏற்றினதும் அதற்குத்தானாம். என்னை அவர் பார்க்கவேயில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதினாராம்.

(இதை எழுதவேண்டாம் என்றேன். எழுதாவிட்டால் ஸைனுலாப்தீனைக் கொண்டு எழுதுவிப்பேன், அவன் ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுவான் என்கிறார். முனாப்புக்குச் சொல்லவேண்டாம் மகள்.)

நீங்கள் கிண்ணியாவுக்கு வந்த அன்று அக்கரையில் கடைசிவரை நின்றார் பார், எங்களோடு பாதையில் ஏறாமல், குடையைப் பிடித்துக்கொண்டு. ஹில்மி இங்காலே இருந்து கையைக் காட்டினான். அவர் குடையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் அதற்கு முதல் அவர் எனக்குச் செய்ததையும் எழுதட்டும். அன்றைக்கு ரோட்டில் வைத்து, உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து அவரே என் கையில் தந்தார். அவ்வளவு நாள் காத்திருந்த முகம். நெற்றி அப்படியே சுபைதாவின் நெற்றி. பேரை என்னவும் வைக்கட்டும். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளை என்னைப் பார்த்து வீரிட்டுக் கத்தினாள். தோளில் போட்டேன், கத்தினாள். மடியில் போட்டேன், கத்தினாள். அவர் கையை நீட்டினார், போனாள், மூச்சுச் சத்தம் இல்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். எனக்குத் தெரியும், அது என்ன சிரிப்பு என்று.

(நான் சிரிக்கவில்லை. பிள்ளை சிரித்தாள், அதைப் பார்த்து என் முகமும் அப்படிப் போயிருக்கும். அவரும் பதிலுக்குச் செய்தார் மகள். அன்று பின்னேரம் ஹில்மி அவருடைய தோளில் படுத்துக்கொண்டு என்னிடம் வரமாட்டேன் என்றான். பலூனைக் காட்டினேன், வரவில்லை. சப்பாத்தைக் காட்டினேன், வரவில்லை. அவர் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "விடுங்க, தூக்கம் போல" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை நான் மறக்கமாட்டேன். முகம் கழுவ உள்ளே போய்விட்டேன்.)

அவர் சொல்வதை எழுதுகிறாரா, நான் சொல்வதை எழுதுகிறாரா என்று தெரியவில்லை. கை நிற்காமல் ஓடுகிறது. எழுதினதை வாசித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். ஒரு இடத்தையும் தாண்டவில்லை.

லீவைக் கணக்குப் பார்த்தால் நீ இந்த வீட்டில்தான் கூடிய நாள் நின்றாய். இவர் இல்லை என்கிறார். நான் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். வந்த நாளும் போன நாளும் கணக்கில் வராது என்கிறார். ஸ்டோர் கீப்பர் கணக்கு. அடுத்த முறை சீனன்குடாவில்தான் இறங்கவேண்டும். ஏணையை முதல் ஸ்டேஷனிலேயே அவிழ்த்துவிடு.

(நான் இதற்குச் சம்மதிக்கவில்லை.)

நேற்று ஸ்டேஷனில் நடந்ததைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். நீ உள்ளே ஏணை கட்டிக்கொண்டு நின்றாய். ஹில்மி யன்னலில் நின்றான். கோச்சி அசைந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த யன்னலோடு ஓடினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் வயதுக்கு அப்படி ஓடக்கூடாது. "மகன், இஞ்ச பாருங்க, இஞ்ச!" என்று அவர் கத்துகிறார். "ஹில்மி, கையக் காட்டு மனே!" என்று நான் கத்துகிறேன். பிள்ளை கையைக் காட்டினான், சிரித்தான், முத்தம்கூடப் பறக்கவிட்டான். எங்களுக்கில்லை. எங்களுக்குப் பின்னால் கச்சான் கடலை விற்கிற ஒருத்தி கூடையோடு நின்றாள், அவளுக்கு. அவளும் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினாள்.

கோச்சி போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். உன் மாமா அவளிடம் போய், "நீங்க அந்தப் பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். "ஒரு கச்சான் குடுத்தனான், வேறென்ன?" என்றாள். "ஒண்டா?" என்று நான் கேட்டேன். "ஓம், ஒண்டுதான்" என்றாள். வீடு வரும் மட்டும் அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தோம்.

பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல் பார். முனாப்புக்கு ஸலாம். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு கடிதம் எழுது. ஒன்று கிண்ணியாவுக்கு. ஒரே கடிதத்தை எழுதி, அதை அவருக்கும் காட்டுங்கள் என்று எழுதவேண்டாம்.

இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது மகள். இந்த மனுஷனைப் பற்றியது. நேற்றுத் தூங்கப் போக முதல் நான் கண்டது. அதை இவர் கையால் எழுதுவிக்க ஏலாது, ஊருக்குப் போய் ஸைனுலாப்தீனைக் கொண்டு எழுதுவிக்கிறேன். கெட்ட சங்கதி இல்லை. கெட்டதாக இருந்தால் இவர் கையாலேயே எழுதுவித்திருப்பேன்.

வாப்பா

(மகள், அது என்னவென்று மூன்று தரம் கேட்டுவிட்டேன். சொல்கிறார் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கடலைப் பார்க்கிறார். உங்களுக்கு எழுதினால் உடனே எனக்கு அறியத் தரவும். அவருக்குப் பதில் போட முதல் எனக்குப் போடவும்.

மாமா ஜமால்தீன்)